மின்சாரம் வீடு திரும்பும் வழி



சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகின்றது. எரியாவிட்டால் பெரியவர்களை அழைக்கின்றோம். மின்சாரத்தைப் பற்றி அதற்கு மேல் நாம் சிந்திப்பதில்லை. பத்தாம் வகுப்பில் ஓம் விதியைப் படித்தபோதும், அது தேர்வில் ஐந்து மதிப்பெண் பெற்றுத் தரும் ஒரு சூத்திரம் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது சாரத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த ஒரு பழைய ஹெரால்ட் கார். அதனிடம் நாங்கள் கற்ற பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கின்றோம்.

காரின் குலமும் கோத்திரமும்

டிரையம்ப் ஹெரால்ட் என்பது இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த கார். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டு டூரின் நகரைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கலோட்டி. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அதே மிக்கலோட்டி வரைந்த உடலைப் பொருத்தி, 1962இல் வெளியிட்டதுதான் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயப் பாணிக் கார். ஆகவே நமது ஹெரால்டை அந்த ஸ்பிட்ஃபயரின் அக்காள் என்றே சொல்லலாம்.

நம் நாட்டில் ஹெரால்டைத் தயாரித்தது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம். 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து இக்கார்கள் வெளிவந்தன. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே. நான்கு கதவு வைத்த ஹெரால்ட் நம் நாட்டிற்கே உரியது. 1970களில் இதன் வழிவந்த கேசல் என்னும் காரும் ஓடியது. இப்போது இவை எதுவும் தயாரிக்கப்படுவதில்லை. வைத்திருப்பவர்கள் பாசத்தினால் காப்பாற்றி வருகின்றார்கள்.

அக்கால பிரிட்டிஷ் கார்களில் பலவற்றிற்கு மின் சாதனங்கள் செய்து கொடுத்தது பர்மிங்காம் நகரின் லூகாஸ் நிறுவனம். அதன் கூட்டுறவோடு 1961இல் சென்னைப் பாடியில் தோன்றியதே லூகாஸ் டி.வி.எஸ். வழியில் விளக்கு அணைந்துபோகும் கார்களைக் கண்டவர்கள் லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். இந்தக் கேலி முழுவதும் நியாயமானதல்ல என்பதை இக்கட்டுரையின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

நோயாளியின் நிலை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், அந்த மழையில் தெருக்கள் எல்லாம் ஏரிகளானதும் யாருக்கும் மறந்திருக்காது. தோழியின் தாத்தாவுடைய ஹெரால்ட் அன்று சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும், துருப்பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்று அடிப்பகுதி முழுவதையும் சுரண்டிக் கழுவிக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தார்கள். வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. ஆனால் அதன் பிறகு 'செல்ஃப்' எடுக்கவில்லை.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஓர் ஓசை. பிறகு நோயாளி முனகுவது போல் ஒரு முனகல். அவ்வளவுதான். பாட்டரி தளர்ந்துவிட்டது என்று புதிய பாட்டரி வாங்கினார்கள். பயனில்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்தார்கள். பயனில்லை. ஒருநாள் விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, சோக் கேபிளிலிருந்து புகை வந்தது! சோக் என்பது கையால் இழுக்கும் ஒரு கம்பி. மின்சாரத்திற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. அதில் புகை வந்ததும் வீட்டார் பயந்துவிட்டார்கள். "தீப்பிடித்தால் கொட்டகையோடு வீடும் போய்விடும், பழைய இரும்புக் கடைக்கே போட்டுவிடலாம்" என்று முடிவு செய்தார்கள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லையாம். முழங்கால் வலியால் ஸ்கூட்டரில் ஏற முடியாத பாட்டியை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு அழைத்துச் சென்றது அந்தக் கார்தான்.

இதைத் தோழி வகுப்பில் கூறியபோது, எங்களுக்கு மின்னியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் இயற்பியல் சிஸ்டர் சற்று நேரம் யோசித்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்கள். "சாவியைத் திருப்பும்போது முன் விளக்கு மங்குகிறதா, மங்காமல் எரிகிறதா? கோளாறு வருவதற்கு முன் வண்டியில் கடைசியாக என்ன வேலை நடந்தது?" தோழிக்கு விடை தெரியவில்லை. "அப்படியானால் ஊகிக்காதீர்கள், பிள்ளைகளே. அப்பாவை உடன் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்" என்று ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒற்றைக் கம்பி மின்சுற்று

மின்னோட்டம் ஓடுவதற்கு மூடிய சுற்று வேண்டும் என்பது நாம் அறிந்ததே. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் மறுமுனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வீட்டில் இதற்கென்று போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி வைக்கின்றோம். காரில் போவதற்கு மட்டுமே கம்பி. திரும்பி வருவதற்குக் காரின் இரும்பு உடலே வழி. இதனைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள்.

ஆனால் என்ஜின் ரப்பர்த் துண்டுகளின் மீது அமர்ந்திருக்கின்றது. அதிர்ச்சி உடலுக்குச் செல்லாதிருக்க இந்த ஏற்பாடு. ரப்பரோ மின்கடத்தாப் பொருள். ஆகவே என்ஜினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கச் செம்பு இழைகளால் பின்னிய ஒரு பட்டையைப் போல்ட் வைத்து முடுக்கியிருப்பார்கள். என்ஜினோடு சேர்ந்திருக்கும் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் முழுவதும் அந்தப் பட்டையின் வழியேதான் வீடு திரும்ப வேண்டும். அந்தப் பட்டை சரியில்லையென்றால் என்ன ஆகும்? மின்னோட்டம் வேறு வழி தேடும். என்ஜினையும் உடலையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு உலோகம் எது? சோக் கேபிள்! ஆக்சிலரேட்டர் கம்பி! புகையின் இரகசியம் எங்களுக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனால் சிஸ்டர் சொன்னபடி அளந்து பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது அல்லவா?

அளந்து பார்த்தோம்

ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் நால்வர் தோழியின் வீட்டிற்குச் சென்றோம். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பெட்டி திறந்தாற்போல் எல்லாப் பாகங்களும் கண்ணெதிரே தெரிந்தன.

முதலில் சிஸ்டரின் முதல் கேள்வி. முன் விளக்குகளைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னோம். 'டக்' ஓசை வந்தது. விளக்குகளோ சற்றும் மங்கவில்லை. இது மிக முக்கியமான அறிகுறி. பாட்டரி தளர்ந்திருந்தால் விளக்குகளும் மங்கியிருக்கும். விளக்குகள் பிரகாசமாக இருப்பதனால் பாட்டரி நலமே. அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ, மோட்டாரிலோதான் தடை. இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் புதிய பாட்டரியின் செலவு மிஞ்சியிருக்கும்.

அடுத்து, என்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலின் வெள்ளைக் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைத்தோம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டார் தோழியின் அப்பா. அவர் ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடி மட்டும் சாவியைத் திருப்ப, நாங்கள் மல்டிமீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து மின்னழுத்தத்தை அளந்தோம். குறித்துக்கொண்டவை இவை:

பாட்டரியின் இரு முனைகளுக்கு இடையே: 11.8 வோல்ட்.
பாட்டரி நேர்முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் இடையே: 0.3 வோல்ட்.
பாட்டரி எதிர்முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே: 0.1 வோல்ட்.
காரின் உடலுக்கும் என்ஜினுக்கும் இடையே: 6.8 வோல்ட்!

நல்ல இணைப்பில் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும். போகும் வழியில் 0.3 வோல்ட் மட்டுமே இழப்பு. திரும்பும் வழியிலோ 6.9 வோல்ட் இழப்பு. 11.8இல் இவற்றைக் கழித்தால் மோட்டாருக்கு மிஞ்சுவது 4.6 வோல்ட்தான். பாவம், அது முனகாமல் என்ன செய்யும்?

பீப் ஒலியை நம்பலாமா?

"என்ஜினுக்கும் உடலுக்கும் இணைப்பு இருக்கிறது என்று முன்பே மீட்டர் வைத்துப் பார்த்தார்களே, பீப் அடித்ததே" என்றார் தாத்தா. நாங்களும் வைத்துப் பார்த்தோம். பீப் அடித்தது. எங்களுக்குக் குழப்பமாகிவிட்டது.

பிறகுதான் விளங்கியது. மீட்டர் பீப் அடிக்கும்போது அதனுள் ஓடும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. மெல்லிய சோக் கேபிள் ஒன்றே அதற்குப் போதுமான பாதை. ஆனால் செல்ஃப் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒருவர் நடந்து போகத் தாங்கும் மரப்பாலம் தேர் போகத் தாங்குமா? பாலத்தைச் சோதிக்க வேண்டுமானால் பாரம் ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். அதனால்தான் மின்னோட்டம் ஓடும்போதே மின்னழுத்தத்தை அளப்பது சிறந்த முறை.

இதனை ஓம் விதியால் சரிபார்ப்போம். ஓர் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரால் இதனைச் சரியாகக் காட்டவே இயலாது; அதன் கம்பிகளின் தடையே இதைவிட அதிகம். ஆனால் 100 ஆம்பியர் ஓடும்போது 100 × 0.05 = 5 வோல்ட் அங்கே இழப்பாகும். வெப்பமாக மாறும் திறன் 5 × 100 = 500 வாட். ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியின் சூடு ஒரு மெல்லிய கம்பியில் பிறந்தால் புகை வராமல் இருக்குமா?

குற்றவாளி பிடிபட்டான்

உறுதி செய்துகொள்ள, தடித்த ஜம்பர் கம்பியின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மாட்டினார் தோழியின் அப்பா. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் துள்ளிக்கொண்டு சுழன்றது. நாங்கள் கைதட்டிவிட்டோம்.

இப்போது சிஸ்டரின் இரண்டாவது கேள்வி. கடைசியாக நடந்த வேலை எது? அடிப்பகுதிக்குப் பெயிண்ட் அடித்தது! அப்பா பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நாங்கள் டார்ச் பிடித்தோம். செம்புப் பட்டை தன் இடத்தில் இருந்தது. போல்ட்டும் முடுக்கியே இருந்தது. ஆனால் பட்டையைக் கழற்றிவிட்டு அடிச்சட்டத்திற்குப் பெயிண்ட் அடித்து, காய்ந்த பெயிண்டின் மேலேயே மீண்டும் பொருத்தியிருந்தார்கள். பெயிண்ட் மின்கடத்தாப் பொருள். துருவிலிருந்து காப்பாற்ற அடித்த பெயிண்ட்தான் மின்சாரத்தின் வீட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டது.

பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் அந்த ஒரு ரூபாய் அகலத்து இடத்தை இரும்பு மின்னும்வரை தேய்த்தார். பட்டையின் முனையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை நாங்கள் தேய்த்தோம். இறுக முடுக்கிய பின், ஈரமும் கடற்காற்றும் புகாதபடி மேலே வாசலின் தடவினோம். மீண்டும் அளந்தபோது 6.8 வோல்ட் இருந்த இடத்தில் 0.1 வோல்ட்! வெந்துபோன சோக் கேபிளுக்குப் பதில் புதிய கேபிள் போட்டு, காயில் கம்பியையும் மாட்டியதும் என்ஜின் கிளம்பியது. தாத்தா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பாட்டியைக் கைபிடித்து அழைத்து வந்தார்.

வேறு சில நோய்களும் அறிகுறிகளும்

அன்று தொடங்கிய ஆர்வத்தினால் பழைய கார்களின் மின் கோளாறுகளைப் பற்றி மேலும் படித்தோம். வீட்டில் பழைய அம்பாசிடரோ வேறு காரோ வைத்திருப்பவர்களுக்கும் இவை பயன்படும்.

1. ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தால் அந்த விளக்கின் எர்த்தைப் பாருங்கள். 12 வோல்ட்டில் எரியும் 36 வாட் விளக்கிற்கு மின்னோட்டம் 3 ஆம்பியர், மின்தடை 4 ஓம். துருப்பிடித்த எர்த் 1 ஓம் தடையைத் தொடரிணைப்பில் சேர்த்தால் மொத்தம் 5 ஓம், மின்னோட்டம் 2.4 ஆம்பியர். விளக்கிற்குக் கிடைப்பது சுமார் 23 வாட் மட்டுமே. ஒளியோ இதைவிட அதிகமாகக் குறையும்.

2. இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகின்றதா? பின்விளக்குக் கூட்டிற்குப் பொதுவான எர்த் அறுந்திருக்கலாம். வீடு திரும்ப வழியில்லாத மின்னோட்டம் பக்கத்து விளக்கின் இழை வழியே புகுந்து செல்கின்றது.

3. பழைய கார்களில் இருப்பது டைனமோ. என்ஜின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. அப்போது சிவப்பு இக்னிஷன் விளக்கு இலேசாக எரிவது இயல்பே. வேகம் கூடிய பின்னும் எரிந்தால்தான் கோளாறு. ஃபேன் பெல்ட் தளர்ந்துள்ளதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகே டைனமோவையும் கட்-அவுட்டையும் சந்தேகிக்க வேண்டும்.

4. பிரிட்டிஷ் கார்களின் கம்பி நிறங்களுக்குப் பொருள் உண்டு. பழுப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பிய பின் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியே வருவது. நீலம் முன் விளக்கு. சிவப்பு சிறு விளக்கும் பின்விளக்கும். கறுப்பு எர்த். ஆனால் தாத்தாவின் காரில் இடையிடையே யாரோ கிடைத்த நிறத்தில் கம்பி மாற்றியிருந்தார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்த பின்பும் அளந்தே நம்ப வேண்டும்.

5. அக்காலக் கார்கள் பலவற்றில் இரண்டே ஃபியூஸ்கள். சிலவற்றில் அதுவும் இல்லை. உருகிய ஃபியூஸுக்குப் பதில் சாக்லெட் காகிதமோ தடித்த கம்பியோ வைப்பது பெரும் பிழை. ஃபியூஸ் உருகாவிட்டால் கம்பி உருகும். கம்பி உருகினால் கார் எரியும்.

கவனிக்க வேண்டியவை

பெரியவர் ஒருவர் உடனிருக்காமல் இச்சோதனைகளைச் செய்யாதீர்கள். வளையல், மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் நமக்கு அதிர்ச்சி தராது. ஆனால் பாட்டரியின் முனையையும் உடலையும் ஓர் உலோக வளையல் இணைத்துவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். சடையையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளுங்கள். சுழலும் விசிறி யாரென்று பார்க்காது. பாட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் கம்பியை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். மிகப் பழைய பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையே எர்த்தாக இருக்கும். எதுவென்று பார்த்த பிறகே தொடுங்கள்.

முடிவுரை

இருளின் இளவரசன் என்று லூகாஸைக் கேலி செய்தவர்களின் கார்களிலும், எத்தனை கார்களில் துருப்பிடித்த ஓர் எர்த் இணைப்பு மறைந்திருந்ததோ! பாட்டரியை மாற்றினோம், மோட்டாரை மாற்றினோம் என்பார்கள். மின்சாரம் போகும் வழியை எல்லோரும் பார்க்கின்றார்கள்; அது திரும்பி வரும் வழியைப் பார்ப்பவர் சிலரே.

மல்டிமீட்டரைத் திருப்பிக் கொடுக்கச் சென்று நடந்ததையெல்லாம் கூறியபோது, சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் குணம் பெற்றார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "ஒருவர், சிஸ்டர்" என்றோம். "மீட்டரைத் திருப்பிக் கொண்டுவந்த நீங்கள் நால்வர். பரவாயில்லை" என்றார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் ஹெரால்ட் பசிலிக்காவுக்குச் சென்று வந்தது. பூசை முடிந்து நள்ளிரவுக்குப் பின் குளிரில் சாவியைத் திருப்பியபோது ஒரே முயற்சியில் கிளம்பியதாகத் தாத்தா சொல்லி அனுப்பினார். எங்கள் மின்னியல் பாடத்திற்கு அதைவிடப் பெரிய மதிப்பெண் எங்களுக்குத் தேவையில்லை.